மகிழம் தெருவின் முதல் மறுப்பு

மற்ற ஊர்களில் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். தண்பொழில் நகரத்தில் வெக்கைக்கு முறை வைத்திருந்தார்கள்.

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில், ஆடுகளே யோசித்துக் கால் வைக்கிற ஒரு பொட்டலில், உலகத்துக்கு முன்மாதிரியாக அந்த நகரத்தைக் கட்டினார்கள். எந்த வீட்டுச் சுவரிலும் ஏசியின் வெளிப்பெட்டி தொங்காது. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் குளிர்நீர் வரும். வீட்டுக்குள் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். சத்தம் கிடையாது, புகை கிடையாது. தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர் வைத்திருந்தார்கள். மகிழம் தெரு, பூவரசந் தெரு, நாவல் தெரு. மரங்கள் டெண்டரில் இருந்தன.

வாங்கிக்கொண்டு போன சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று திறப்பு விழாவில் யாரும் கேட்கவில்லை. விழாவில் கேட்கிற கேள்வி அல்ல அது. முதலில் ஊருக்கு வெளியே விட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் முருங்கை போட்டிருந்த விவசாயிகள் பூவெல்லாம் உதிர்கிறது என்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்கள். அதோடு, நகரத்தின் சூடு நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்று பசுமைச் சான்றிதழ் கொடுத்த வெளிநாட்டு அமைப்பும் நிபந்தனை போட்டிருந்தது. ஆகவே நகரத்தின் சூடு நகரத்துக்குள்ளேயே, ஏதோ ஒரு தெருவில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தெருவுக்கு அன்று 'முறை'. நடைபாதை ஓரத்து இரும்புச் சல்லடைகள் காலையில் திறக்கும். ஊரில் உள்ள அத்தனை அடுப்பு, அத்தனை கம்ப்யூட்டர், அத்தனை ஆளின் உடம்புச் சூடும் வந்து அந்தத் தெருவில் எழுந்து நிற்கும். அன்றைக்கு அந்தத் தெருவுக்குக் குளிர்நீரும் வராது. மறுநாள் காலையில் சல்லடை மூடிக்கொள்ளும். முறை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மனிதர்களுக்கு விசேஷங்கள் உண்டு என்பதால் முறையை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் போனில் ஒரு செயலி. 'எங்கள் முறையை உங்கள் தெரு ஏற்குமா?' என்று ஒரு தெரு கேட்கும். 'ஏற்கிறோம்', 'மறுக்கிறோம்' என்று இரண்டு பொத்தான்கள் வரும். மகிழம் தெருவின் பொறுப்பாளர் போனில் இரண்டாவது பொத்தான் வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைத் தொட்டதே இல்லை.

அவர் பெயர் பூபாலன். பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லித் தருகிறவர். பொறுப்பாளராக இருக்கச் சொல்லி யாரோ கேட்டார்கள், மறுக்கத் தெரியவில்லை, ஆகிவிட்டார். அவருடைய வகுப்பில் வருகைப்பதிவின்படி எல்லா மாணவர்களும் இருப்பார்கள். பெஞ்சின்படி பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

கொங்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பதும் ஒரு காரணம். வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, "நம்ம பொண்ணுக்குக் கல்யாணமுங்க, அன்னைக்குன்னு பாத்து எங்க தெருவுக்கு முறை வருதுங்க" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பக்கத்தில் யாரால் மறுக்க முடியும்? முதலில் கல்யாணத்துக்குத்தான் வந்தார்கள். அப்புறம் கிரகப்பிரவேசம், காதுகுத்து. பிறகு பையனுக்குப் பரீட்சை. பிறகு கிரிக்கெட்டில் இறுதி ஆட்டம். போன மாசி மாதம் நாவல் தெரு ராஜமாணிக்கம், பெரிய அரிசி ஆலைக்காரர், தட்டோடு வந்தார்.

"வாங்க வாங்க. யாருக்குங்க விசேஷம்?"

"நம்ம டைகருக்குப் பொறந்தநாளுங்க."

"பேரனுங்களா?"

"நாயிங்க. பனி தேசத்து நாயி. வெக்கை ஆகாது பாருங்க."

பூபாலன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அன்று மகிழம் தெரு வெந்தது. தெருக்காரர்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. அவர்களும் அதே ஊர்க்காரர்கள். "நீங்க செஞ்சா செரியாத்தானுங்க இருக்கும்" என்றார்கள். அதில் ஒருவர் அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். போகும்போதும் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார்.

திட்டுகிற பொறுப்பு முழுவதும் சுகந்தியிடம் வந்து சேர்ந்தது. பூபாலனின் மனைவி. மதுரைக்காரி. 'இல்லை' என்பதை அவளால் பல விதமாகச் சொல்ல முடியும். பல வருஷ வைத்தியத்துக்குப் பிறகு அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"டாக்டரம்மா என்ன சொன்னாக? வெக்கை ஆகாது, மயக்கம் வரும், பிள்ளைக்கு ஆபத்துன்னு சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாங்க."

"அந்த நாயி வெக்கையில இருக்கக் கூடாது. நான் இருக்கலாம். அப்படித்தானே?"

"அவரு தட்டோட வந்துட்டாரு, சுகந்தி."

"நானும் அடுத்த தடவ தட்டோட வர்றேன். அப்பவாச்சும் என் பேச்சுக்கு மரியாத இருக்கான்னு பாப்போம்."

*

சித்திரையில் ஒரு நாள் பாலிடெக்னிக் கேன்டீனில் பெனிலா வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவருடைய பழைய மாணவி. நாகர்கோவிலில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். இப்போது முறையைக் கணக்கிடுகிற மையத்தில் பொறியாளர்.

"சார், நான் இதை உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா நீங்க குடுத்த அட்டெண்டன்ஸ்ல பாஸ் பண்ணினவ நான்."

"டீ சாப்பிடறியாம்மா?"

"வேண்டாம் சார். கேளுங்க. மையத்துல இருக்கிற மெஷின் ஒரு வருஷமா எல்லாத் தெருவையும் கவனிக்குது. எந்தத் தெரு எவ்வளவு வெக்கை தாங்கும்னு அதுவா கத்துக்குது. வைகாசி பிறந்ததும் முறை நிரந்தரமாயிடும். யாரும் மாத்த முடியாது."

"தாங்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெர்மாமீட்டரா?"

"இல்ல சார். நீங்க அழுத்தற பொத்தான். மத்த தெருக்காரங்க பல தடவை மறுத்திருக்காங்க. உங்க தெரு ஒரு தடவைகூட இல்ல. அதனால மெஷினைப் பொறுத்தவரைக்கும் மகிழம் தெருக்காரங்களுக்கு வெக்கை பிடிக்கும்."

"பிடிக்குமா?"

"அதுக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியாது சார். ஏன் சரின்னு சொன்னீங்கன்னு பாக்காது. சொன்னீங்களா, இல்லையா, அவ்வளவுதான். இப்படியே போனா வாரத்துல பாதி நாள் உங்க தெருவுக்குத்தான்."

பூபாலன் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார். வாரத்தில் பாதி நாள். சுகந்திக்கு ஆனி மாதம் தேதி கொடுத்திருந்தார்கள்.

"எல்லாத் தெருவுலயும் கொஞ்சங்கொஞ்சமா விட்டா என்னம்மா? யாருக்கும் பெருசாத் தெரியாதே."

"அப்ப எல்லாத் தெருவும் சான்றிதழ் வரம்பைத் தாண்டிடும். இப்ப ஒரே ஒரு தெருதான் தாண்டுது. அந்த ஒரு தெரு எவ்வளவு தூரம் தாண்டுதுன்னு அவங்க கேக்கறதில்ல."

"நான் வேணா ஒரு விளக்கம் எழுதித் தரட்டுமா?"

"யாருக்கு சார்? மெஷினுக்கா?" பெனிலா குரலைத் தணித்தாள். "ஒரே ஒரு தடவை மறுங்க. போதும். மறுக்கவே மறுக்காத தெருவுக்குத்தான் நிரந்தரமாப் போடலாம்னு விதி. ஒரு மறுப்பு இருந்தாக்கூட உங்க தெருவை விட்டுடும். யார் கேக்கறாங்க, எதுக்குக் கேக்கறாங்கன்னு பாக்காதீங்க. அடுத்து யார் கேட்டாலும் மறுப்பை அழுத்துங்க."

"யார் கேட்டாலுமா?"

"அப்படியே அந்த டீயும் சொல்லுங்க சார்" என்றாள் பெனிலா. முதல் தடவை கேட்டபோது வேண்டாம் என்றவள். இத்தனை வருஷத்தில் அவளும் அந்த ஊர்க்காரியாகிவிட்டிருந்தாள்.

*

வீட்டில் ஒத்திகை நடந்தது. சுகந்தி எவர்சில்வர் தட்டில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி, வாசலில் இருந்து உள்ளே வந்தாள்.

"வணக்கமுங்க. நம்ம டைகருக்குக் காதுகுத்துங்க."

பூபாலன் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. சொல்லுங்க."

"வந்துங்க... இந்தத் தடவை கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"கொஞ்சம் கஷ்டமுங்க. இருந்தாலும் நீங்க இவ்வளவு தூரம் வந்து..."

"இருந்தாலும் கிடையாது! முடியாதுங்க. அவ்வளவுதான். இந்தாருங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அவரால் அந்தச் சொல்லைத் தடுக்கி விழாமல் சொல்ல முடிந்தது. ஆனால் உள்ளுக்குள் அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். அந்தப் பக்கத்தில் யாரும் முதல் வார்த்தையை எடுத்துக்கொள்வதில்லை. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள்; கொண்டுவந்து வைத்தால் குடிப்பார்கள். நான் முடியாது என்பேன். அவர் விட மாட்டார், மறுபடியும் கேட்பார். அப்போது என்ன ஏது என்று விசாரித்துக்கொள்ளலாம். உண்மையான அவசரம் என்றால் விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்து வருகிறவரை மறுக்கலாம். சுகந்தியிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

மறுநாளே போனில் வேண்டுகோள் வந்துவிட்டது. பூவரசந் தெரு கேட்கிறது. வெள்ளிக்கிழமை முறையை மகிழம் தெரு ஏற்குமா? காரணம் என்ற இடத்தில் 'பிற' என்று இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பரீட்சை, விளையாட்டு, பிற. செயலியை அமைச்சர் தொடங்கிவைப்பதாக இருந்ததால், அமங்கலமான காரணங்களை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். காங்கேயம் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர், பெயர் சென்னியப்பன். பூவரசந் தெருக்காரர். கையில் தட்டு இல்லை, பழம் இல்லை. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"உங்களப் பாக்கச் சொன்னாங்க. மகிழம் தெரு சார்கிட்டப் போங்க, அவரு யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லைன்னாங்க. எங்க பொறுப்பாளரு போன்ல அனுப்பிட்டாருங்க. இருந்தாலும் நேர்ல வந்து ஒரு வார்த்த கேக்கோணுமல்லங்க?"

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. சுகந்தி, மோர் கொண்டா."

சென்னியப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஊட்ல ஒரு..." என்று தொடங்கினார். அப்போது சுகந்தி மோர் தம்ளரோடு சமையலறையில் இருந்து வந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றே தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எத்தன மாசமுங்க அம்மிணி?"

"ஏழு."

"நல்லா இருங்க. நல்லா இருங்க."

தொடங்கிய பேச்சை அப்படியே விட்டுவிட்டார். மோரைக் குடித்தார். சுகந்தி நகரவில்லை, கணவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். பூபாலனுக்குத் தன் கழுத்தில் அவள் பார்வை படுவது தெரிந்தது.

"வெள்ளிக்கெழம முறையத்தானுங்களே கேட்டீங்க?"

"ஆமாங்க."

"இந்தத் தடவை..." என்று தொடங்கினார் பூபாலன். "முடியாதுங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இப்போது அவர் 'அப்படிச் சொல்லாதீங்க' என்பார். 'ஒரு நாள்தானுங்களே' என்பார். நான் 'என்ன விஷயமுங்க' என்பேன்.

"செரிங்க" என்றார் சென்னியப்பன்.

"என்ன விசேஷமுங்க?" பூபாலனே கேட்டுவிட்டார்.

சென்னியப்பன் ஒரு கணம் சுகந்தியைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா, கேட்டுப் பாக்கலாம்னுதான்."

"சும்மாதானாம்ல" என்றாள் சுகந்தி. மேஜையில் இருந்த போனை எடுத்தாள். கணவரின் வாய் மறுபடியும் திறப்பதைப் பார்த்தாள். திறந்த வாயில் இருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். 'மறுக்கிறோம்' என்பதை அவளே அழுத்தினாள். பொத்தான் நன்றாகத்தான் வேலை செய்தது.

சென்னியப்பன் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. அம்மிணி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். பூபாலன் வாசலுக்கு வந்து நின்றார். கேட் அருகே போய்த் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தார். திரும்பினால் கூப்பிட்டுவிடலாம். அவர் திரும்பாமலே போனார்.

*

அன்று மகிழம் தெருவில் பாயசம் வைக்காத வீடில்லை. செய்தி எப்படியோ பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "நாங்களே உங்ககிட்டச் சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தமுங்க. எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டமுங்க" என்றார். பெனிலா போனில் ஒரு ஆடுகிற பொம்மையை அனுப்பினாள். சுகந்தி அக்காவைக் கூப்பிட்டுத் தன் கணவர் 'முடியாது' என்று சொன்ன விதத்தை நடித்துக் காட்டினாள். பூபாலனும் சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை, பாலிடெக்னிக் வாசலில் ராஜமாணிக்கத்தின் கார் வந்து நின்றது. பின்சீட்டில் டைகர், நாக்கு தொங்க, ஏசியில் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, மகிழம் தெரு முடியாதுன்னு சொல்லிருச்சாமா? ஊரே பேசுது" என்று கண்ணாடியை இறக்கினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "பாவமுங்க அந்த சென்னியப்பன்."

"ஏனுங்க?"

"தெரியாதுங்களா? சம்சாரம் போயிருச்சுங்க, வெள்ளிக்கெழம. கலாமணி. கேன்சர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கைய விரிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. நாலஞ்சு நாளு தாங்கும்னாங்களாமா. கடைசில கொஞ்சம் குளுமையா இருந்துட்டுப் போகட்டும்னு பாத்திருக்கறான். அன்னைக்குன்னு முறை. ஐஸா வாங்கி வாங்கி வெச்சானாமா. வெக்க தாங்காம அந்தப் புள்ள சீலையெல்லாம் பிச்சுப் போட்டுதாமா. தெருச்சனமே உள்ள நின்னு அட்டப்பொட்டிய வெச்சு விசிறுச்சாமா."

பூபாலன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது, கையை எடுக்கவில்லை.

"உங்க தெரு எடுத்திருக்கலாமுங்களே?"

"எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களே" என்றார் ராஜமாணிக்கம், உண்மையான வருத்தத்தோடு. "மகிழம் தெரு இருக்கறப்ப எங்கள யாருங்க கேக்கறாங்க?"

*

பூவரசந் தெருவில் சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி மாசமாக இருக்கும்போது சாவு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் பூபாலன் தெருமுனையிலேயே நின்றார். பக்கத்தில் மூடிக்கிடந்தது இரும்புச் சல்லடை. அதைச் சுற்றியிருந்த சிமெண்ட் கறுத்துப் போயிருந்தது. யாரோ உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சென்னியப்பன் தோளில் துண்டோடு அவரே வந்தார்.

"எதுக்குங்க இந்த வெயில்ல நிக்கறீங்க?"

பூபாலன் பேச வேண்டும் என்று எதை எதையோ யோசித்து வைத்திருந்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். சொன்ன பிறகுதான், அது குற்றம் சாட்டுவதுபோல் இருப்பது அவருக்கே கேட்டது.

"சொல்லத்தானுங்க வந்தேன்." சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உக்காந்து வாயத் தொறக்கறேன், அம்மிணி மோரோட வந்து நிக்கறாங்க. புள்ளத்தாச்சி நிக்கற எடத்துல சாவுப் பேச்ச எப்பிடிங்க எடுக்கறது? அவங்க உள்ள போனதும் சொல்லலாம்னு இருந்தேன். அவங்க போகல."

"இன்னொரு தடவ கேட்டிருந்தீங்கன்னா நான்..."

"எப்பிடிங்க கேக்கறது? நீங்க யாருக்கும் முடியாதுன்னு சொன்னதே இல்லைன்னாங்க. அப்பிடியாப்பட்டவரு முடியாதுங்கறாருன்னா, ஊட்ல எவ்வளவு கஷ்டம் இருக்கோணும்? அதான் அம்மிணியப் பாத்தனே. செரி, நம்ம போயிரலாம்னு வந்துட்டேன்."

சாமியானாக் கம்புகளை டெம்போவில் எறியும் சத்தம் கேட்டது.

"ரொம்பச் சிரமப்பட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

ஒரு வருஷமாக வெந்துகொண்டே, நலம் கேட்டவர்களுக்கெல்லாம் பூபாலன் சொல்லிக்கொண்டிருந்த பதில் அது. சொல்கிறவர் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு அடுத்த முறை எப்பங்க?" என்றார் சென்னியப்பன்.

"நாளான்னிக்கு. ஏனுங்க?"

"எங்க தெரு எடுத்துக்கறமுங்க. நானு எல்லாருகிட்டயும் பேசிட்டேன். எங்க பொறுப்பாளருக்கும் சம்மதந்தான். கொழந்த பொறக்கற வரைக்கும் உங்க முறையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"வேண்டாமுங்க."

"அட, இருக்கட்டுமுங்க."

"வேண்டாமுங்க, சொன்னாக் கேளுங்க. உங்க வீட்ல இப்ப..."

"ஊட்ல இப்ப யாருங்க இருக்கறா? நானு ஆலைக்குப் போயிருவேன். வெக்கையோ குளுரோ, யாருக்கு?" அவர் பூபாலனின் கையைப் பிடித்தார். "அந்த வெக்கையில ஒரு பொம்பள கெடந்தத நானு கிட்ட இருந்து பாத்தனுங்க. அம்மிணிக்கு அது வேண்டாம். நீங்க வேண்டாம்னா எனக்கு மனசு ஆறாதுங்க. சரின்னு சொல்லுங்க."

மனைவிக்காக ஒரே ஒரு தடவை கேட்டவர், இதற்கு விடாமல் கேட்டார். பூபாலன் தலையாட்டினார்.

*

இரண்டு நாள் கழித்து மகிழம் தெருவில் சல்லடைகள் திறக்கவில்லை. பத்து மணிக்கும் வீடு குளிர்ந்து கிடந்தது. சுகந்தி ஹாலில் பாய் விரித்துக் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்திருந்தாள். பெனிலாவிடம் இருந்து அழைப்பு வந்தது. பூபாலன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சார், உங்க தெரு தப்பிச்சிடுச்சு! மெஷின் இன்னிக்கு நிரந்தர முறையை முடிவு பண்ணிடுச்சு. வாரத்துல பாதி நாள் பூவரசந் தெருவுக்கு."

"அவங்களுக்கா? அவங்க மறுத்ததே இல்லியா?"

"மறுத்திருக்காங்க சார். ஆனா செயலியில 'தாமாக முன்வருகிறோம்'னு ஒரு பொத்தான் இருக்கு. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாருமே அதை அழுத்தினதில்ல. முந்தாநாள் அவங்க அழுத்தியிருக்காங்க. கேக்காமயே, ஆனி வரைக்கும். தாமா முன்வந்துட்டா பழைய மறுப்பெல்லாம் கணக்கே இல்ல."

"அத நிறுத்த முடியாதாம்மா?"

"இந்த மாசம் முடியறதுக்குள்ள அவங்க முன்வந்ததை வாபஸ் வாங்கினா நிறுத்தலாம். அவங்கதான் வாங்கணும். கேட்டுப் பாருங்களேன் சார்."

"அவரு வாங்க மாட்டாரும்மா" என்றார் பூபாலன்.

உள்ளே வந்தார். சுகந்தி தலையைத் திருப்பினாள்.

"யாரு?"

"பெனிலா. நம்ம தெரு தப்பிச்சுதாம்."

"பாத்தீங்களா! ஒரு தடவ முடியாதுன்னு சொன்னா உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது. இத்தன வருஷமா இதுக்குத்தானே தொண்ட கிழியக் கத்துனேன்." அவள் குளிர்ந்த தரையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். "ஆனா அந்த ஆளு, பாவம். மோர் குடிச்சுட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போனாரே, அவரு. என்ன விசேஷமாம், தெரிஞ்சுதா?"

வயிற்றுப் பிள்ளைக்காரி முன்னால் பேசக் கூடாத பேச்சு. அதிலும் பொத்தானை அழுத்தின விரல் அவளுடையது.

"யாரோ விருந்தாளி வர்றதா இருந்துச்சாம்" என்றார் பூபாலன்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி அழுத்திட்டேன். அவரு வேற நல்லா இருங்க, நல்லா இருங்கன்னு வாழ்த்திட்டுப் போனாரு." சுகந்தி ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "என்னங்க, வளைகாப்புக்கு அவரு சம்சாரத்தக் கூப்பிடணும். நானே நேர்ல போய்க் கூப்பிடறேன். முதல் வளையல் அவங்க கையால போடட்டும். சரியா?"

பூபாலன் "சரி" என்றார்.